மண் குடித்த தண்ணீருக்கு வந்த பில்

மாப்ளே,

உன் கடிதம் வந்தது. மகளுக்குக் கோயம்புத்தூரிலேயே வேலை அமைந்ததில் எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் சந்தோஷம். நீ கேட்டிருந்த தண்ணீர் பில் விவகாரம்தான் இப்போது கேரள எல்லையில் இந்தக் கொழிஞ்சாம்பாறையில் எனக்குப் பிழைப்பாகிவிட்டது.

வழக்கமாக இரண்டு மாதத்துக்கு 15 கிலோலிட்டர், அதாவது 15,000 லிட்டர் ஓடும். இந்த முறை 58. அளவு ஏற ஏற விலையும் ஏறுவதால் தொகை நான்கு மடங்கோடு நிற்கவில்லை. அலுவலகத்தில் கேட்டால், தென்னைக்குப் பாய்ச்சியிருப்பீர்கள் என்கிறார் ஒருவர். மணக்கடவு அணையில் தமிழ்நாடு நமக்கு வருடத்துக்கு 7.25 டிஎம்சி ஆளியாற்றுத் தண்ணீர் தரவேண்டும் என்று ஒப்பந்தம் இருந்தும் கோடை வந்தால் அதற்காகப் போராட வேண்டியிருக்கிற ஊரில், குடிநீரைத் தென்னைக்கு விடுவானா எவனாவது?

சண்டை போடுவதற்கு முன்னால் மீட்டரைப் பார்த்தேன். தொட்டிக்குப் போகிற வால்வை மூடி, வீட்டில் எல்லாக் குழாயையும் அடைத்த பிறகும் மீட்டருக்குள் அந்தச் சின்னச் சக்கரம் நிற்காமல் சுற்றுகிறது. பத்து நிமிடத்தில் 5 லிட்டர். கணக்குப் போட்டுப் பார், நிமிடத்துக்கு அரை லிட்டர், நாளைக்கு 720, அறுபது நாளில் 43,200. பில்லில் கூடுதலாக இருப்பதும் அதே 43 கிலோலிட்டர்தான்! செல்போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஆனால் மேலே ஒரு பொட்டு ஈரம் இல்லை. நம் கிழக்குப் பக்கத்துக் கரிசல் மண் உனக்குத் தெரியாததா, கோடையில் வெடித்துக் கிடக்கிறது, எவ்வளவு விட்டாலும் உள்ளே இழுத்துக்கொள்ளும், அது விரிந்து சுருங்குவதில் பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பின் இணைப்பும் ஆட்டம் கண்டுவிடும். பிளம்பர் ராத்திரி சத்தம் அடங்கியதும் கடப்பாரையை அங்கங்கே ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்டார். வேப்பமரத்தடியில் தோண்டினோம். பைப் வளைகிற இடத்தில் மாட்டுகிற எல்போ ஒன்று துருப்பிடித்து, அடியில் ஊசி நுழைகிற ஓட்டை. அதை இன்னும் தூக்கிப் போடவில்லை, சாட்சி.

மனுவைத் தமிழிலேயே எழுதினேன். இங்கே அரசு அலுவலகங்களுக்குத் தமிழர்கள் தமிழில் எழுதலாம் என்று 1969-ம் வருடக் கேரள ஆட்சிமொழிச் சட்டத்திலேயே இருக்கிறது. கவுண்டரில் இருந்தவர் முகம் சுளித்தாலும் வாங்கி சீல் போட்டுக் கொடுத்துவிட்டார். பழைய பில்கள், குழியின் போட்டோ, பிளம்பர் ரசீது, சரிசெய்த பிறகு எடுத்த ரீடிங் எல்லாம் சேர்த்திருக்கிறேன்.

மீட்டருக்கு வீட்டுப் பக்கம் உடைந்தால் உங்கள் பொறுப்பு என்கிறார்கள். அதை நான் மறுக்கவே இல்லையே, பைப்பை மாற்றிய செலவு என்னுடையதுதான். கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் போன தண்ணீருக்கு, இஷ்டத்துக்குச் செலவழித்தவன்மேல் போடுகிற உயர்ந்த விலையைப் போடாதே, பழைய பில்களின் சராசரியைப் பார்த்துப் போடு என்றுதான் கேட்கிறேன். இவ்வளவுக்கும் கசிவுக்குச் சலுகை உண்டு என்று அங்கேயே இன்னொருவர் மெதுவாகச் சொன்னார், எழுதித் தரத்தான் ஆள் இல்லை. மேலதிகாரி வந்து பார்க்கும்வரை இணைப்பைத் துண்டிக்க மாட்டோம் என்பது மட்டும் உறுதி.

பொள்ளாச்சியில் உன் அம்மா இருக்கிற வீட்டிலும் இதே காலத்து ஜிஐ பைப்தானே? ஞாயிற்றுக்கிழமை போனால் குழாய்களை எல்லாம் மூடிவிட்டு மீட்டரை ஒரு பார்வை பார். அத்தையைக் கேட்டதாகச் சொல்.