புதன்கிழமை தவிர எந்த நாளும்

அன்புள்ள மீனு,

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் புளூ டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. போன் பண்ணினால் "மீட்டிங்ல இருக்கேன்பா, அப்புறம் பேசறேன்" என்கிறாய். அந்த அப்புறம் வருவதே இல்லை. அதனால்தான் பேப்பரில் எழுதி கூரியரில் அனுப்புகிறேன். கைக்கு வந்ததும் பிரித்துப் படிக்க வேண்டாம். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. வேண்டாம் என்றாலும் கேட்காமல் மொட்டை மாடி ஏறி வடாம் பிழிகிறாள். ரகுவுக்கு ப்ரமோஷன் வந்துவிட்டது. மெட்ரோ வேலை இன்னும் முடிந்தபாடில்லை. மாதவரத்திலிருந்து சிறுசேரி வரை ஒரே லைன் என்கிறார்கள். அது ஓட ஆரம்பித்தால் அயனாவரத்தில் ஏறி நாவலூரில் இறங்கிவிடலாம். உன்னைப் பார்க்க அதுவரை காத்திருக்க முடியாது.

நைட் ஷிஃப்ட் எப்படிப் போகிறது என்று அம்மா தினமும் கேட்கிறாள். நல்லாத்தான் போகுதாம் என்று நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நானும் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பல வருஷம் ஷிஃப்ட் பார்த்தவன். நைட் பார்க்கிறவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். காலையில் வீட்டுக்கு வந்து குளிப்பான், சாப்பிடுவான், ஜன்னலைச் சாத்திவிட்டு மதியம் வரை தூங்குவான். நீ பகலிலும் லாகின் செய்து ஆபீஸ் வேலை பார்க்கிறாய், ராத்திரியும் தூங்குவதில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதவில்லை.

தாத்தாவுக்குப் படையல் போட்டது ஒரு வியாழக்கிழமை. காக்காய்க்கு வைத்துவிட்டு, நீ வருவாய் என்று பன்னிரண்டு மணி வரை யாரும் இலை போடவில்லை. பெரியம்மாகூட ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். மதியத்துக்கு மேல் "எழுந்துக்கவே முடியலப்பா" என்று மெசேஜ் வந்தது. உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கொன்னூர் ஹை ரோடு முழுக்க நடந்த மனுஷன் அவர். மனசு தாங்கவில்லை.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது, முதல் நாள் புதன்கிழமை என்று.

கண் செக்கப்புக்காக வந்து உன் வீட்டில் தங்கினேனே, அதுவும் புதன்கிழமைதான். ஹாலில் நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து நீ கதவைச் சாத்திக்கொண்டாய். எனக்குத் தூக்கம் வரவில்லை. உன் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. இங்கிலீஷில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாய்: நீ இடது பக்கம் போ, நீ இன்னும் அடிக்காதே, இப்போது எல்லோரும் என்கிட்ட வாங்க. திரும்பத் திரும்பத் தோற்றீர்கள் போலிருக்கிறது. யாரோ ஒரு பையன் தப்புப் பண்ணிவிட்டான் என்று மற்றவர்கள் கத்தியபோது, நீ அவர்களை அடக்கிவிட்டு அவனிடம், பரவாயில்லை, எல்லோருக்கும் நடக்கிறதுதான், மறுபடி போகலாம் என்றாய். அவ்வளவு பொறுமையாகச் சொன்னாய். தண்ணீர் குடிக்க எழுந்தபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. திடீரென்று நீ சிரித்தாய். வாய்விட்டு, சின்ன வயதில் சிரிக்கிற மாதிரி. நீ ஓசூரிலிருந்து வந்த பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை.

ஓசூர் விஷயத்தை நான் எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன். உன் பீரோவும் கட்டிலும் பின்கட்டு அறையில் துணி போர்த்தி அப்படியே இருக்கின்றன. அவ்வளவுதான்.

காலையில் உன் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தேன். அம்மா கொடுத்தனுப்பிய வத்தக்குழம்பு டப்பா மூடியில் ஒட்டிய டேப்கூடப் பிரியவில்லை. மேஜை மேல் காப்பி டம்ளர்கள், ஒவ்வொன்றிலும் பாதி காப்பி ஆடை படிந்து கிடந்தது. சாப்பிடு மீனு. எது வேண்டுமானாலும் செய், வேளைக்குச் சாப்பிட்டுவிட்டுச் செய்.

வீட்டுக்கு வந்ததும் ரகு மகன் நித்தினைக் கூப்பிட்டு, இந்த ஆன்லைன் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டேன். உன் பேரைச் சொல்லவில்லை, பேப்பரில் படித்தேன் என்று சொன்னேன். கில்டு என்றால் சேர்ந்து ஆடுகிற குழு, ரெய்டு என்றால் எல்லோரும் கூட்டமாகப் போய்ப் பெரிய எதிரியை அடிப்பது, ஹீலர் என்றால் அடிபட்டவர்களைக் குணமாக்குகிறவள் என்று எல்லாம் அவன்தான் சொல்லிக்கொடுத்தான். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற அந்த ஆட்டம் 2004இல் வந்ததாம். அந்தக் காலத்தில் ஒரு ரெய்டுக்கு 40 பேர் போவார்களாம். இப்போது கடைசி நிலைக்குச் சரியாக 20 பேர் வேண்டும், ஒருவர் குறைந்தாலும் திண்டாட்டம்தான் என்றான். ஹீலர் வரவில்லை என்றால் மற்றவர்கள் செத்துச் செத்து விழுவார்களாம். அது எனக்கு உடனே புரிந்துவிட்டது. ரயில் பெட்டியின் கூட்டைச் செய்கிற எங்கள் ஷெல் ஷாப்பில் ஒரு கேங்கில் வெல்டர் லீவு போட்டால் மற்ற அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். காய்ச்சலோடு டியூட்டிக்குப் போயிருக்கிறேன், அம்மாவைக் கேட்டுப் பார். மேலதிகாரி திட்டுவார் என்று போகவில்லை. அவர்கள் நிற்பார்களே என்றுதான் போனேன். உன்னை அந்த நாற்காலியில் கட்டிப்போட்டிருப்பதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

உன் ஆட்கள் ஐரோப்பாவில் இருக்கிறார்கள் என்றும் புரிந்தது. அவர்களுக்கு ராத்திரி எட்டு மணி என்றால் நமக்குக் குளிர்காலத்தில் பன்னிரண்டரை, கோடையில் பதினொன்றரை. அவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்து சாவகாசமாக உட்கார்கிறார்கள். ஆடி முடித்துவிட்டுப் போய்ப் படுக்கிறார்கள். நீ மட்டும் தூக்கத்தைக் கொடுத்து ஆடுகிறாய். இதை அவர்களிடம் என்றைக்காவது சொல்லியிருக்கிறாயா? அவ்வளவு நல்ல பிள்ளைகள் என்றால் கேட்டுக்கொள்வார்கள். வாரத்தில் மூன்று ராத்திரி போகிறது என்றால் ஒரு ராத்திரியை விடு. இன்னொரு ஹீலரைத் தேடிக்கொள்ளச் சொல். முழுசாக விடு என்று நான் சொல்லவில்லை.

உன் சித்தப்பா இருக்கிறாரே, அவர் காதுக்கு எப்படியோ போய், அதைத்தான் 2025இல் பார்லிமென்ட்டில் சட்டம் போட்டுத் தடை பண்ணிட்டாங்களே, இன்னுமா ஆடுறா என்றார். அது ரம்மி, பணம் வைத்து ஆடுகிற ஆட்டம், இது வேறு என்று சொன்னேன். என் பெண் யாரிடமும் கடன் வாங்கி ஆடவில்லை, எவர் காசையும் தொடவில்லை என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். உன்னை யாரும் ஒரு வார்த்தை சொல்ல நான் விடமாட்டேன்.

ஆனாலும் அந்தக் கம்பெனிக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. கதை முடிந்தது, வீட்டுக்குப் போ என்று அதில் ஒரு இடமாவது இருக்கிறதா? சில வருஷத்துக்கு ஒருமுறை புதுப் பாகம் வருகிறது, கஷ்டப்பட்டுச் சேர்த்த ஆயுதமெல்லாம் செல்லாக்காசாகிறது, மறுபடி முதலிலிருந்து. புதன்கிழமை ஒரு பெட்டி திறக்குமாமே, அந்த வாரம் எவ்வளவு ஆடினாயோ அதற்கேற்ப அதில் ஏதோ கிடைக்குமாம். வேண்டியது வருமா வராதா என்று தெரியாதாம். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் புறாக்களை வைத்துக் காட்டியது இதுதான். கொத்தும்போதெல்லாம் தீனி விழாமல் எப்போது விழும் என்று தெரியாமல் விழுந்தால், தீனியை நிறுத்திய பிறகும் புறா வெகுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். இன்னொன்றும் படித்தேன். இந்த ஆட்டத்தை வெளியிடுவதற்கு முன் சோதித்துப் பார்த்தபோது, நெடுநேரம் தொடர்ந்து ஆடினால் புள்ளி பாதியாகக் குறையும்படி வைத்தார்களாம். ஆடியவர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு, ஓய்வெடுத்துவிட்டு வருகிறவருக்கு இரண்டு மடங்கு என்று மாற்றிச் சொன்னார்களாம். எல்லோருக்கும் சந்தோஷம். மனுஷ மனசை இவ்வளவு நுணுக்கமாகப் படித்தவர்கள் மீனு. 2010இல் ஒரு கோடியே இருபது லட்சம் பேர் சந்தா வைத்திருந்தார்கள். அதனால் இது உன் பலவீனம் என்று நான் ஒருநாளும் நினைக்க மாட்டேன். நீயும் அப்படி நினைத்துக்கொண்டு எங்களிடமிருந்து ஒளிய வேண்டாம்.

இதை நோய் என்று சொல்கிறார்களா என்றும் பார்த்தேன். 2022 ஜனவரியிலிருந்து உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆடுகிறவர்களில் கொஞ்சம் பேருக்குத்தான் அப்படி ஆகிறது என்று அவர்களே சொல்கிறார்கள். நிறுத்த நினைத்தாலும் முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட அதுவே பெரிதாகிவிடுவது, கெடுதல் என்று தெரிந்தும் தொடர்வது, இதெல்லாம் பொதுவாக ஒரு வருஷமாவது இருக்க வேண்டுமாம். அதில் நீ சேர்வாயா இல்லையா என்று நான் சொல்லமாட்டேன். நீயே யோசித்துப் பார். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே 2014இல் ஒரு கிளினிக் தொடங்கியிருக்கிறார்கள். போக வேண்டும் என்று நீ நினைத்தால் சொல். சதாப்தியில் காலையில் ஏறி ஒன்றாகப் போய்வரலாம். யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் தேடியபோது நார்வே நாட்டுப் பையன் ஒருவனைப் பற்றிப் படித்தேன். அதிலிருந்து எனக்கு நிம்மதியே இல்லை. தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழந்து போகிற வியாதி, சக்கர நாற்காலியில்தான் வாழ்க்கை. நாளெல்லாம் இதே ஆட்டம்தான் ஆடிக்கொண்டிருந்தான். பிள்ளைக்கு நண்பர்களே இல்லாமல் போய்விட்டதே என்று அப்பா அம்மா வருத்தப்பட்டார்கள். 2014இல் 25 வயதில் இறந்துபோனான். அந்தச் செய்தியை இணையத்தில் போட்டதும் எங்கெங்கிருந்தோ மின்னஞ்சல் வந்து குவிந்திருக்கிறது. உங்கள் மகன் என் மனக்கஷ்டத்தில் எனக்குத் துணையாக இருந்தான், எங்கள் வீட்டுச் சண்டையைத் தீர்த்துவைத்தான் என்றெல்லாம். அவன் கில்டு ஆட்கள் வேறு நாடுகளிலிருந்து வந்து அடக்கத்தில் கலந்துகொண்டிருக்கிறார்கள். தன் மகன் யார் என்று அந்த அப்பாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

எனக்கு அப்படித் தெரிய வேண்டாம் மீனு. நீ சொல்லி இப்போதே தெரிய வேண்டும். அந்தப் பையனை நீ தேற்றினாயே, அவன் யார், எந்த ஊர்? உங்களுக்குள் யாராவது உன்னிடம் "சாப்பிட்டாயா" என்று கேட்கிறார்களா? வாரத்தில் மூன்று ராத்திரி உன் குரலைக் கேட்கிறார்களே அவர்கள், எனக்கு அவர்கள் மேல் பொறாமையாக இருக்கிறது. பெற்றவன் நான் இங்கே புளூ டிக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நைட் ஷிஃப்ட் விஷயத்தை அம்மாவிடம் நீயே சொல்லிவிடு. அவள் அழுவாள், கொஞ்ச நேரம் திட்டுவாள், அப்புறம் சரியாகிவிடுவாள். நான் உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன், ஆனால் அவளிடம் இல்லாததைச் சொல்ல இனிமேல் எனக்கு முடியாது.

தூங்கு. மூன்றரைக்கு முடிந்தால் நாலு மணிக்காவது படு. முடிந்த பிறகும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்காதே. பகலில் மோர் குடி.

இங்கே வரச் சங்கடமாக இருந்தால் நான் வருகிறேன். எந்த நாள் என்று மட்டும் சொல். புதன்கிழமை மட்டும் நானே வேண்டாம் என்கிறேன், உன் ஆட்கள் உனக்காகக் காத்திருப்பார்கள். மற்ற ஏதாவது ஒரு ராத்திரி பக்கத்தில் ஒரு நாற்காலி போடு. நீ அங்கே யாராக இருக்கிறாய், என்ன செய்கிறாய் என்று நான் பார்க்க வேண்டும். குறுக்கே பேசமாட்டேன்.

அன்புடன்,
அப்பா