பிளக் எங்கே இருக்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளக்-இன் ஹைபிரிட் காரா, பெட்ரோல் காரா என்று உங்கள் கடிதப் பகுதியில் நடக்கும் வாக்குவாதத்தை விடாமல் படித்துவருகிறேன். பிளக்-இன் வெறும் ‘ஏமாற்று வித்தை’ என்றுகூட ஒரு வாசகர் எழுதியிருந்தார். முப்பது வருடம் கோவையில் ஒர்க்‌ஷாப் நடத்தியவன் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பெட்ரோல் இன்ஜினோடு கரண்ட் மோட்டாரும் இருப்பதுதான் ஹைபிரிட். நம் சாலையில் ‘ஹைபிரிட்’ என்று ஓடும் இன்னோவா ஹைகிராஸ், கிராண்ட் விட்டாரா ஆகியவற்றில் சொருக பிளக்கே கிடையாது. பிரேக் பிடிக்கும்போதும் இன்ஜின் ஓடும்போதும் அந்தச் சின்ன பேட்டரி தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். வெளியிலிருந்து ஊற்றுவது பெட்ரோல் மட்டும்தான். பிளக்-இன் வேறு ஜாதி. ராத்திரி வீட்டில் சொருகிவிட்டால் மறுநாள் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் கரண்டிலேயே போகும். அதற்கு மேல்தான் பெட்ரோல். நம் நாட்டில் இப்போதைக்கு அது பெரிய பணக்காரர்களின் சமாச்சாரம்.

கணக்கு என்னவோ கவர்ச்சியானதுதான். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய், வண்டி பதினைந்து கொடுக்கிறது என்றால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஆறே முக்கால் ரூபாய் ஆகிறது. கரண்ட் யூனிட் பத்து ரூபாய் என்றே வைத்து, ஒரு யூனிட்டுக்கு ஐந்து கிலோமீட்டர் போனாலும் இரண்டு ரூபாய்தான். பீளமேட்டிலிருந்து தினமும் சூலூர் போய்வருகிறவருக்கு வாரம் முழுக்க இன்ஜினே ஓட வேண்டாம். ஆனால் தினமும் சொருக வேண்டுமே!

மைத்துனர் மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். கம்பெனி கொடுத்த பிளக்-இன் கார். அங்கே போயிருந்தபோது டிக்கியைத் திறந்தேன். சார்ஜிங் கேபிள் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. “என்னடா இது?” என்றேன். “பெட்ரோல் கார்டு கம்பெனியோடது மாமா, கரண்ட் பில் என்னோடது” என்று சிரித்தான். பேட்டரியை நூறு கிலோவுக்குக் குறையாத மூட்டையாகச் சுமந்துகொண்டு, அவன் ஓட்டுவது பெட்ரோல் கார்தான்.

அவன் ஒருவன் மட்டும் இப்படி இல்லை. 2021-இல் பதிவான கார்களின் உண்மையான எரிபொருள் செலவை ஆராய்ந்து ஐரோப்பிய ஆணையம் 2024-இல் அறிக்கை வெளியிட்டது. பெட்ரோல், டீசல் கார்கள் ஆய்வகக் கணக்கைவிட ஏறக்குறைய 20 சதவீதம் அதிகம் புகை கக்கின. பிளக்-இன் கார்களோ தங்கள் ஆய்வகக் கணக்கைப்போல் மூன்றரை மடங்கு! ஆய்வகச் சோதனையில் முக்கால்வாசி தூரம் கரண்டில் ஓடும் என்று எண்ணிக்கொள்கிறார்கள்; மனிதர்கள் அப்படி ஓட்டவில்லை. ஆனாலும் சாதாரணப் பெட்ரோல் காரைவிட அவை குறைவாகத்தான் கக்கின என்பதையும் சொல்ல வேண்டும். ஆக, ‘ஏமாற்று வித்தை’ என்று எழுதிய வாசகரும் அவசரப்பட்டுவிட்டார்.

ஜெர்மனி பிளக்-இன் கார்களுக்கான மானியத்தை 2022-ஆம் ஆண்டு இறுதியோடு நிறுத்தியது. இங்கே உத்தரப் பிரதேசம் 2024-இல் அவற்றுக்குப் பதிவு வரியைத் தள்ளுபடி செய்தது. தமிழகமும் அப்படிச் செய்யட்டும் என்கிறவர்களுக்கு என் பதில்: வாங்கும்போது கொடுக்காதீர்கள். வருடா வருடம் எத்தனை லிட்டர் குடித்தது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்த்துத் திருப்பிக் கொடுங்கள். ஐரோப்பாவில் 2021 முதல் புதுக் கார்கள் இந்தக் கணக்கைத் தாங்களே குறித்துவைத்துக்கொள்கின்றன. புகைச் சான்று எடுக்கப் போகும்போது அதைப் பார்த்துவிடலாம். (மீட்டரைத் திருத்தும் கைகாரர்கள் நம் ஊரில் இல்லாமலா? என் ஒர்க்‌ஷாப் வாசலிலேயே கேட்டு வந்திருக்கிறார்கள். அதற்கும் வழி பார்க்க வேண்டும்.)

ரொம்ப ஒழுங்காகச் சொருகுகிறவருக்கும் ஒரு தொல்லை உண்டு. டாங்கியில் பெட்ரோல் மாதக்கணக்கில் கிடந்து பழசாகிவிடும். அமெரிக்காவில் விற்ற செவர்லே வோல்ட் என்ற பிளக்-இன் கார், பெட்ரோல் ஒரு வருடம் பழசானால் தானாகவே இன்ஜினை ஓட்டித் தீர்த்துவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும் என்பதால் இங்கே இன்னும் கவனம் தேவை.

என்னிடம் இருப்பது பழைய பெட்ரோல் கார். மாற்ற ஆசைதான். கீழ்த்தளத்தில் கார் நிறுத்துமிடத்தில் ஒரு பிளக் பாயின்ட் வேண்டும் என்று எங்கள் அடுக்கக சங்கத்துக்கு மனு கொடுத்து எட்டு மாதம் ஆகிறது.

– ஓய்வுபெற்ற மெக்கானிக், பீளமேடு, கோவை