செவ்வாய்க்கிழமை நீச்சல்: கவுன்சிலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கவுன்சிலர்களுக்கு,

வணக்கம். மொழிபெயர்ப்பு வேண்டுவோர் கேட்கலாம் என்று உங்கள் கடிதங்களின் பின்பக்கத்தில் பல மொழிகளில் அச்சிட்டிருக்கிறீர்கள். அதில் தமிழும் இருக்கிறது. அந்தத் துணிவில்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

நீச்சல் தடாகம் உள்ள எங்கள் லெஷர் சென்டரை மூடி, எங்களை வேறொரு புதிய மையத்துக்குப் போகச் சொல்ல முடிவெடுக்குமுன் நீங்கள் நடத்திய கருத்துக்கேட்பில், அடுத்த நீச்சல் தடாகத்துக்குக் காரில் போக எத்தனை நிமிடம் ஆகும் என்று ஒரு கேள்வி. என்னிடம் கார் இல்லை. கட்டத்தை வெறுமையாக விட்டேன். அதை எந்தக் கணக்கில் சேர்த்தீர்களோ!

கட்டடம் பழசு என்கிறீர்கள். மறுக்கவில்லை. மழை பெய்தால் நடைபாதையில் மஞ்சள் வாளி வைக்கிறார்கள். உடைமாற்றும் அறையில் மூன்றாவது அலமாரி பூட்டினால் திறக்காது. புதிதாக வருபவர்களுக்கு நாங்களே சொல்லிவிடுவோம்.

நான் இலங்கையில், கடலோர ஊரான வல்வெட்டித்துறையில் பிறந்தவள். 1971இல் பாக்குநீரிணையை நீந்திக் கடந்து, நீந்தியே திரும்பி வந்த ஆழிக்குமரன் ஆனந்தன் எங்கள் ஊர்க்காரர். 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிர்விட்டவரும் அவரே. ஆனால் எங்கள் வீட்டில் கடல் ஆண்பிள்ளைகளுக்கு. நாங்கள் பாவாடை நனையாமல் கரையில் நிற்போம். அலைச்சத்தத்தில் வளர்ந்தவள் தண்ணீருக்குள் முதன்முதலாக முகத்தை வைத்தது ஐம்பத்திரண்டாவது வயதில், உங்கள் தடாகத்தில், செவ்வாய் மாலை பெண்களுக்கு மட்டுமான அந்த ஒரு மணி நேரத்தில். திரைகளை இறக்கிவிடுவார்கள். காவலுக்கு நிற்பவரும் பெண். உடல் முழுவதும் மூடிய உடுப்போடு இரண்டு சோமாலியச் சகோதரிகள், மார்பில் சத்திரசிகிச்சைத் தழும்போடு ஓர் ஆங்கிலேயப் பாட்டி, தடாக ஓரத்துக் கம்பியை விடாத நான். ஒரு மாதம் கழித்துக் கம்பியை விட்டபோது கைதட்டியவர் அந்தப் பாட்டிதான். நீங்கள் போகச் சொல்லும் புதிய மையத்தில் இந்த நேரம் உண்டா? மூடுவது பற்றிய உங்கள் அறிக்கையைத் தேடிப் படித்தேன். ஒரு வரிகூட இல்லை.

நூலகம் நடத்துவது சட்டப்படி உங்கள் கடமை, தடாகம் நடத்துவது அப்படியல்ல என்பது தெரியும். பணம் சுருங்கினால் கடமையல்லாததில்தான் முதலில் கத்தி விழும். ஆனால் ஆரம்பப் பள்ளியை முடிக்குமுன் பிள்ளை 25 மீட்டர் நீந்த வேண்டும் என்று இங்கிலாந்தின் பாடத்திட்டம் சொல்கிறதே, அந்தப் பிள்ளைகள் எங்கே நீந்துவார்கள்? எரிவாயுக் கட்டணம் எகிறியதும் உண்மைதான். அதற்காகத்தான் 2023இல் அரசாங்கம் தடாகங்களுக்கு 63 மில்லியன் பவுண் நிதி அறிவித்தது. அதே ஆண்டு டெவனில் எக்ஸ்மவுத் தடாகத்தில், துணி துவைக்கும் இயந்திரம் அளவுள்ள கணினிப் பெட்டியை வைத்து, அதன் வெப்பத்தால் நீரைச் சூடாக்கத் தொடங்கினார்கள். நீங்கள் அந்த அரசாங்க நிதிக்கு விண்ணப்பித்தீர்களா? அறிக்கையில் அதுவும் இல்லை.

கட்டடப் பரிசோதனை அறிக்கையை முழுதாக வெளியிடுங்கள். கூரைக்கு எவ்வளவு, கொதிகலனுக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டுங்கள். ஊர்மக்கள் அமைப்பு ஒன்று குத்தகைக்கு எடுத்து நடத்த முன்வந்தால், பேசி முடிக்கும்வரையாவது தடாகத்தை வற்ற விடாதீர்கள்.

வாக்களிக்குமுன் உங்களில் எத்தனை பேர் உள்ளே வந்து பார்த்தீர்கள் என்று தெரியவில்லை. பெண் கவுன்சிலர்கள் வரும் செவ்வாய் மாலை ஏழு மணிக்கு வரலாம். துவாய் கொண்டு வாருங்கள். மூன்றாவது அலமாரியை மட்டும் பாவிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
செவ்வாய்க்கிழமைக்காரி ஒருத்தி