தையல் மேசையில் பிழைத்த நாற்றுகள்: ஒரு நன்றி மடல்

எங்கள் தெருவாருக்கும் மயிலாடுதுறை நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இன்று விடியற்காலையில், மார்கழிக் கோலத்தின் நடுவே சாண உருண்டையில் பரங்கிப்பூ வைக்கும் இடத்தில், எங்கள் வீட்டில் மலர்ந்த முதல் செண்டுமல்லியை அம்மா வைத்தார். வாசல் ஈரம் காய்வதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

புரட்டாசிக் கடைசியில் நடந்ததை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். இறப்பதற்குமுன் அப்பா செய்தித்தாளில் மடித்து வைத்துவிட்டுப் போன செண்டுமல்லி விதையில் பாதி முளைத்து வந்தும், நான் மேலே நீர் ஊற்றி ஊற்றியதில் மூன்றே நாள்களில் அழுகி, என் கையாலேயே போயிற்று. அதற்குமேல் எழுத எனக்குத் தெம்பில்லை. மீதி விதையை 98 குழிகள் கொண்ட தட்டில் இட்டுக் கூடத்தில் வைத்தபோது, ஐந்தாம் நாள் முளைத்தவை, மழை மூட்டத்தில் வெளிச்சம் போதாமல் நூல்போல நீண்டு வெளுத்துச் சாயத் தொடங்கின.

எங்களுக்கு இந்த ஆண்டு தீபாவளி இல்லை என்று தெரிந்தும், அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என வந்த எதிர்வீட்டுத் தையற்கடை அண்ணன் அந்தத் தட்டின் முன் குனிந்து சற்று நேரம் பார்த்தார். "நம்ம கடையில காலையில ஒன்பது மணிக்குப் போட்ட லைட்டு ராத்திரி பதினொண்ணு வரைக்கும் எரியுது, குடுங்க தம்பி" என்றார். தீபாவளிக்கு இரண்டு வாரம்கூட இல்லாத நேரத்தில் தையற்காரருக்கு மேசையில் ஒரு சாண் இடம் என்ன மதிப்புப் பெறும் என்பதைத் தெருவில் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெட்டி வைத்திருந்த துணிக்கட்டுகளைத் தரையில் பாய் விரித்து இறக்கிவிட்டு, தாழத் தொங்கும் டியூப்லைட்டுக்கு நேர்கீழே தட்டை வைத்தார். பாபின் மாற்றும்போதெல்லாம் அதைத் திருப்பி வைக்கும்படி காஜா எடுக்கும் தம்பியிடம் சொல்லியிருந்தார். மேசை விசிறியின் காற்று நாள் முழுவதும் நாற்றுகளை அசைத்துக்கொண்டே இருந்ததில் தண்டுகள் குட்டையாகத் தடித்து வந்தன. காற்றில் ஆடும் நாற்றே வலுப்பெறும் என்பதை நான் அங்கேதான் கண்ணால் கண்டேன். ஏற்கெனவே சாய்ந்துவிட்ட சிலவற்றுக்கு ஈர்க்குச்சி ஊன்றி, யாருடைய ரவிக்கைக்கோ வாங்கிய அரக்கு நிற நூலால் தண்டு நெரியாமல் தளர்வாகக் கட்டியிருந்தார். அந்தக் கட்டுகளில் இரண்டை நான் இன்னும் அவிழ்க்கவில்லை.

தீபாவளி முடிந்து தட்டு வீடு திரும்பியபோது 61 நாற்றுகள் இறகுபோன்ற இலைகளோடு நிமிர்ந்து நின்றன. மின்சாரச் செலவுக்காவது ஏதேனும் வாங்கிக்கொள்ளுமாறு கேட்டேன்; அப்பா அவருக்குக் கொடுத்த முதல் வேட்டியைப் பற்றிப் பேசிவிட்டு மிஷினை மிதிக்கத் தொடங்கிவிட்டார்.

முதலில் இட்டவற்றுக்கு வந்தது இளநாற்றின் தண்டை அழுகவைக்கும் நாற்றழுகல் நோய் என்று கண்டு சொல்லி, மேலே ஊற்றாமல் தட்டை நீரில் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடக் கற்றுத்தந்தவரும், கிலோ விதைக்கு 4 கிராம் என்ற கணக்கில் ஒரு சிட்டிகைக்கும் குறைவாகவே தேவைப்பட்ட, அந்நோயைத் தடுக்க விதையில் கலக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடியைத் தேடிக் கொண்டுவந்தவருமான பக்கத்துத் தெரு வேளாண் மாணவிக்கும், மக்கிய தொழுவுரம் தந்த பால்கார அக்காவுக்கும், தென்னை நார்க்கழிவைச் சலித்துக் கொடுத்த பெரியம்மாவுக்கும், நாள்தோறும் நாற்றுகளை எண்ணிவிட்டுப் பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்கும் என் நன்றி.

முதலில் பூத்த செடியின் பூக்களை இனிப் பறிக்கப் போவதில்லை. அவை செடியிலேயே காய்ந்து விதை முற்றியதும், அப்பா மடித்ததுபோலவே மடித்து, முதல் பொட்டலத்தைத் தையற்கடையிலும் அடுத்தவற்றை உங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் நானே வந்து கொடுப்பேன்.