சம்பளத்துக்காக மட்டும் யாரும் பேப்பர் போடல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஐடி பசங்க ஒரு கம்பெனில நிலைச்சு நிக்க மாட்டேங்கறாங்க, எல்லாம் சம்பள ஆசைதான்னு போன இதழ்ல எழுதியிருந்தீங்க. சென்னை ஓஎம்ஆர்ல ஒரு சாஃப்ட்வேர் கம்பெனில டெஸ்டிங் வேலை பாக்கறேன், அதனால சொல்றேன், சம்பளம் ஒரு காரணம்தான், ஆனா எங்க டீம்ல பேப்பர் போட்டவங்க, அதாவது ராஜினாமா குடுத்தவங்க, பாதிப்பேர் போனது மேல இருக்கறவங்க சொன்னா கேக்காததாலதான்.

ஒண்ணு சொல்றேன். பேமென்ட் பட்டன ரெண்டு தடவ அழுத்தினா பணமும் ரெண்டு தடவ போகுதுன்னு ரிலீஸுக்கு முன்னாடியே ஒரு ஜூனியர் பொண்ணு பக் போட்டுச்சு, அதாவது கோளாறுன்னு சிஸ்டத்துல டிக்கெட் பதிஞ்சுது. டீம் லீட் என்ன பண்ணாரு, பிரயாரிட்டிய கொறச்சு வை, க்ளையன்ட்கிட்ட பேசற கால்ல இத எடுக்காதன்னுட்டாரு. க்ளையன்ட் கால்ல மேனேஜர் காட்டின ஷீட்ல எல்லாமே பச்சை, ஒரு பிரச்சனையும் இல்லங்கற மாதிரி. ரிலீஸ் ஆகி க்ளையன்ட் கத்த ஆரம்பிச்சதும் டெஸ்டிங்ல ஏன் பிடிக்கலன்னு அந்தப் பொண்ணத்தான் எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சு கேட்டாங்க, அவ போட்ட டிக்கெட் தேதியோட அப்படியே இருக்கு, லீட் வாயே திறக்கல. கொஞ்ச நாள்ல அவ கிளம்பிட்டா. எனக்கு இன்னும் ஆறல.

இது நம்ம ஊர்ல மட்டும் நடக்கறதும் இல்ல. அமெரிக்கால நைட் கேப்பிட்டல்னு ஒரு பங்கு வர்த்தக கம்பெனி, 2012 ஆகஸ்ட் 1 அன்னிக்கு 8 சர்வர்ல ஒண்ணுல மட்டும் புது கோட் ஏறாம விட்டுப்போச்சு, ஏத்தினத இன்னொருத்தர் செக் பண்ணணும்னு அங்க எழுதி வெச்ச ரூலே கிடையாது, மார்க்கெட் திறக்கறதுக்கு முன்னாடியே கோளாறுன்னு சிஸ்டம் தானா 97 மெயில் அனுப்பியிருக்கு, யாரும் கண்டுக்கல. அந்த ஒரு சர்வரால 45 நிமிஷத்துல 40 கோடி டாலருக்கு மேல காலி.

நல்லா கோட் எழுதறவர லீட் ஆக்கிடறாங்க, ஆளுங்கள எப்படி நடத்தணும்னு யாரும் சொல்லித்தர்றதில்ல, அவருக்கும் மேலேர்ந்து டெலிவரி பிரஷர், அது புரியுது. அதுக்காக கெட்ட சேதிய அமுக்கிட்டு பழிய கீழ தள்றது நியாயமா? டெஸ்ட் பண்ணவங்கள்ல ஒருத்தராவது க்ளையன்ட் கால்ல இருக்கட்டும். தெரிஞ்ச பக்கோட ரிலீஸ் போகலாம்னு முடிவு பண்றவர் அத தன் பேர்ல மெயில்ல எழுதிக் குடுக்கட்டும், வாயால சொல்லிட்டு அப்புறம் நான் சொல்லவே இல்லங்கறது நிக்கணும்.

அடுத்த தடவ ஐடி பத்தி எழுதறப்ப ஹெச்ஆர் சொல்றத மட்டும் போடாம, வேலைய விட்டுப் போனவங்ககிட்டயும் கேட்டு போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு டெஸ்டர், சோழிங்கநல்லூர்