ஆச்சியின் குரலைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'ஆச்சி' மனோரமா பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை, டர்பனில் தமிழ் நாடகம் போடும் நாங்கள் ஆவலோடு படித்தோம். ஆயிரம் படங்களைத் தாண்டியது, கின்னஸில் இடம்பிடித்தது, 2002இல் பத்மஸ்ரீ பெற்றது எல்லாம் சரியாகவே வந்திருக்கின்றன. ஆனால் நகைச்சுவை நடிகை என்பதோடு கட்டுரை நின்றுவிட்டது. குரலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மேடைக்கும் திரைக்கும் பாட்டுக்கும் அவர் வைத்திருந்த மூலதனம் அந்தக் குரல்தானே!

'பள்ளத்தூர் பாப்பா'வாக நாடகங்களில் சிறு வேடம் போட்டுக்கொண்டே பின்னணியும் பாடியவர் அவர். 1958இல் 'மாலையிட்ட மங்கை'க்கு வரும்போதே கடைசி வரிசைக்கும் கேட்கப் பேசும் பழக்கம் இருந்தது. தமிழ் வசனத்தில் செய்தது யார், செய்தாரா இல்லையா என்பதெல்லாம் கடைசி அசையில்தான் தெரியும். ஆச்சி அதை விழுங்கவே மாட்டார். வீட்டில் ஆங்கிலம் பேசி வளரும் நம் பிள்ளைகள் ஐஸ்டெட்ஃபாட் என்னும் கலைப்போட்டி மேடையில் அந்த இடத்தில்தான் குரலை இறக்குகிறார்கள். 'வரமாட்டேன்' என்பது 'வரமா' என்று கேட்கிறது. மைக்கைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும். வினைச்சொல்லுக்கு முன்னால் மூச்சு எடுக்கப் பழக்கினால் கடைசி அசைக்குக் காற்று மிஞ்சும்.

1968ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 'தில்லானா மோகனாம்பா'ளில் நாடகக்காரி ஜில் ஜில் ரமாமணியாக இழுத்து இழுத்துப் பேசுகிறார். 'பொம்மலாட்ட'த்தில் 'வா வாத்தியாரே ஊட்டாண்ட' என்று சென்னைத் தமிழில் சொந்தக் குரலில் வெட்டிப் பாடுகிறார். பிறகு 1992இல் 'சின்னக் கவுண்ட'ரில் துருத்திய பொய்ப்பல் கட்டி ஆத்தாவாக வருகிறார். துருத்திய பல் கட்டினால் உதடு சேராது. ப, ம இரண்டும் நழுவும், ச சீறும். அப்படியிருந்தும் அந்த ஆத்தா பேசுவதில் ஒரு சொல் குழம்பவில்லை. பல் கட்டி நடிக்கும் நம்மவர்கள் ஒப்பனையன்று முதல்முறையாக மாட்டிக்கொள்கிறார்கள். ஒத்திகை தொடங்கும்போதே மாட்டிப் பேசிப் பழகினால்தான் நாக்குக்கு இடம் தெரியும்.

ஒலிப்பதிவில் கணக்கு வேறு. வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் மைக் இருக்க வேண்டும். நேரே வைத்தால் ப, த இரண்டும் வெடிக்கும். டப்பிங்கில் உதடு மூடும் ப, ம இரண்டும் படத்தோடு பொருந்த வேண்டும். உயிரெழுத்து சற்று முன்பின் ஆனாலும் கண்ணுக்குத் தெரியாது. 'பம்பாய்' (1995) படத்தில் மனிஷா கொய்ராலாவுக்கு ரோகிணி கொடுத்த குரலை, ஒலியை அடைத்து ஒருமுறையும் திறந்து ஒருமுறையும் பார்த்தால் இது விளங்கும். ரோகிணியும் நல்ல நடிகை என்பதால்தான் அங்கே அழுகையின் மூச்சுகூடத் தப்பவில்லை.

வானொலி நாடகத்திலும் கோவில் விழா மேடையிலும் நடிக்க முன்வரும் இளையவர்கள் இங்கே இருக்கிறார்கள். தமிழ் எழுத்துத் தெரியாமல் வசனத்தைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்பவர்கள் அவர்களில் பலர். அவர்களுக்கு ஆச்சியின் குரலைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை. அடுத்த கட்டுரையை அதைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். எந்தப் படம், எந்தக் காட்சி என்று குறித்தே எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நாடக ஆர்வலர்கள் சிலர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்,
தென்னாப்பிரிக்கா.