கிரான்யோனில் சாப்பிட்ட இரவு

பெலொராதோ, ஸ்பெயின்

அன்புள்ள மகளுக்கு,

நேற்றிரவு நீ தொலைபேசியில், "சாப்பிட்டாயிற்றா அப்பா, தனியாகவா சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டு முடிப்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. இன்று 16 கிலோமீட்டர்தான் நடை என்பதால் மதியமே இங்கு வந்து சேர்ந்துவிட்டேன். உன் கேள்விக்குச் சாவகாசமாகப் பதில் எழுதுகிறேன்.

நேற்றுத் தங்கிய கிரான்யோன், லா ரியோஹா மாநிலத்தின் மேற்கெல்லையில், சாந்தியாகோ நகரத் தேவாலயத்துக்கு யாத்ரிகர்கள் நடந்து செல்லும் பாதையில் உள்ள சிற்றூர். தேவாலயத்துக்குள்ளேயே உயிருள்ள சேவலையும் கோழியையும் வளர்க்கிறார்களே, அந்தச் சாந்தோ தொமிங்கோவிலிருந்து சுமார் ஏழு கிலோமீட்டர் தூரம். (கோழிக் கதையை நேரில் சொல்கிறேன்.) ஊர்க் கோயிலான புனித யோவான் தேவாலயத்தை ஒட்டிய மாடியில்தான் யாத்ரிகர்களுக்கு இடம். தரையில் மெல்லிய மெத்தை விரித்துப் படுக்க வேண்டும். கட்டணம் என்று எதுவும் கேட்பதில்லை. ஒரு மரப்பெட்டி மூடி திறந்தபடியே இருக்கிறது. முடிந்ததைப் போடுங்கள், தேவையானதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. வங்கியில் 36 ஆண்டுகள் பெட்டிச் சாவியைக் கண்ணைப்போலக் காத்தவனுக்கு அதைக் கண்டதும் நிலைகொள்ளவில்லை; இரண்டு முறை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

இரவு உணவை அங்கு தங்குகிறவர்களே சேர்ந்துதான் சமைக்கிறார்கள். பொறுப்பாளர்கள் சம்பளமில்லாத் தொண்டர்கள். பெரும்பாலும் இந்தப் பாதையை ஒருமுறையேனும் நடந்தவர்கள். என் பங்குக்கு ஒரு கூடை வெங்காயம் வந்தது. உன் அம்மாவோடு வாழ்ந்த காலத்தில் ஒரு வெங்காயம்கூட நான் உரித்ததில்லை என்பது உனக்குத் தெரியாததா? பக்கத்தில் நின்ற கொரியப் பெண்மணி சற்று நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு பேசாமல் என் இடக்கை விரல் நுனிகளை உள்நோக்கி மடக்கிவைத்து, கத்தி உரசினாலும் வெட்டாதபடி எப்படிப் பிடிப்பது என்று காட்டினார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. கண்ணீர் வடிய நான் நின்ற கோலத்தைப் பார்த்துச் சிரிக்க மொழி தேவைப்படவில்லை.

நீளமான மேசையில் முப்பது பேருக்கு மேல் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். பருப்புச் சூப், காய்கறிக் கலவை, ரொட்டி, ரியோஹாத் திராட்சை மது. பன்றியிறைச்சித் தொத்திறைச்சி போடாத சிறிய பானை ஒன்றை எனக்கும் ஓர் இத்தாலிய இளைஞனுக்கும் தனியாக வைத்திருந்தார்கள். கொஞ்சம் சீரகம் தாளித்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்; சொல்லவில்லை, மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். என்ன வேலை பார்த்தீர்கள், எத்தனை பிள்ளைகள் என்று எவரும் கேட்கவில்லை. எங்கே நடக்கத் தொடங்கினீர்கள், கால் எப்படி இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளிலேயே பேச்சு ஓடியது. அயர்லாந்துக்காரர் ஒருவர் தம் கொப்புளத்தில் ஊசியும் நூலும் கோத்துவிட்டிருப்பதை மேசையடியில் காலை நீட்டிக் காட்டியபோதுதான் என் சூப் சற்று நேரம் ஆறியது.

பழனிக்கு நடந்த நாட்களில் வழிப் பந்தல்களில் சாப்பிட்டது நினைவுக்கு வந்தது. அங்கே நமக்குப் பரிமாற ஒருவர் காத்திருப்பார். கையைக் கழுவிவிட்டு அடுத்த பந்தலை நோக்கி நடப்போம். இங்கே சாப்பிட்டவர்களே வரிசையில் நின்று தட்டுகளைத் துலக்கினோம். நான் துடைப்பவன்.

அதன்பின் எல்லாரையும் தேவாலயத்தின் பாடற்குழு மாடத்துக்கு அழைத்துப் போனார்கள். இருட்டில் ஒரேயொரு மெழுகுவத்தி கைமாறி வந்தது. அது யாரிடம் இருக்கிறதோ அவர் தம் மொழியில் ஏதாவது சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். கொரியப் பெண்மணி நெடுநேரம் பேசினார். என் கைக்கு வந்ததும் தமிழில் உன் அம்மாவைப் பற்றிப் பேசினேன். கடைசி மூன்று மாதம் அவள் சாப்பாட்டை ஒதுக்கியபோது நான் கோபித்துக்கொண்டதை, இதுவரை உன்னிடம்கூடச் சொல்லாததை, அங்கே சொன்னேன். ஒருவருக்கும் புரியவில்லை. பக்கத்திலிருந்த இத்தாலிய இளைஞன் மெழுகுவத்தியை வாங்கும்போது என் கையையும் சேர்த்துப் பிடித்து, சற்று நேரம் கழித்தே விட்டான்.

காலையில் பெட்டியில் 20 யூரோ போட்டேன். கொரியப் பெண்மணி எனக்கு முன்பே கிளம்பிவிட்டார்; அவர் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன்.

முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை புர்கோசிலிருந்து அழைக்கிறேன். அப்போது அம்மாவைப் பற்றி நீ என்ன கேட்டாலும் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா